பிரிப்பதற்கு முன் படியெடுத்தவர்கள்

கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது திருமழபாடி. முதலாம் ராஜராஜனின் இருபத்தெட்டாம் ஆட்சியாண்டில், அதாவது 1013 வாக்கில், அவ்வூர் வைத்தியநாதர் கோயிலின் ஸ்ரீவிமானத்தைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்ட உத்தரவானது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்த சூட்டோடு வந்த உத்தரவு அது. ஆனால் பழைய விமானத்தின் சுவரெல்லாம் எழுத்து. யார் எவ்வளவு நிலம் விட்டார், அந்த நிலத்தின் நான்கெல்லை எது, எந்த விளக்குக்கு யார் ஆடு கொடுத்தார் என்பதெல்லாம் அந்தக் கல்லில்தான் இருந்தது. அணையாமல் எரியும் ஒரு நுந்தா விளக்குக்கு 96 ஆடுகள் என்பது சோழர் காலத்துக் கணக்கு. அந்த ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையரின் பேரன் நெய் அளக்காமல் போனால், கோயிலார் அவனைக் கூட்டிவந்து காட்ட வேண்டியது அந்தச் சுவரைத்தான்.

சுவரை இடித்தால் ஊரின் பதிவு அலுவலகமே போய்விடும். அதனால் இடிப்பதற்கு முன்பே கல்வெட்டுகளை எல்லாம் புத்தகத்தில், அதாவது ஓலையில், படியெடுத்து வைத்துக்கொண்டார்கள். விமானம் எழும்பி முடிந்தபின், ராஜேந்திரனின் பதினான்காம் ஆட்சியாண்டில், 1026 வாக்கில், அந்தப் படியைப் பார்த்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். இடையில் ஓர் அரசன் போய் இன்னொருவன் வந்துவிட்டான். ஓலைக்கட்டு மட்டும் பத்திரமாகக் காத்திருந்திருக்கிறது.

இது ராஜராஜனுக்குத் தோன்றிய புது யோசனையுமல்ல. ஒரு தலைமுறைக்கு முன்பே கண்டராதித்த சோழரின் மனைவி செம்பியன் மாதேவியார் இதைச் செய்திருக்கிறார். இளம் வயதிலேயே கணவரை இழந்து, மகன் உத்தம சோழன் அரியணை ஏறியதைப் பார்த்து, அவனுக்குப் பின் ராஜராஜன் காலம் வரை வாழ்ந்த அரசி. காவிரிக் கரையில் செங்கல்லாக இருந்த கோயில்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கற்றளியாக்கியதே அவருடைய வாழ்நாள் வேலையாக இருந்தது. திருநல்லம் என்ற கோனேரிராஜபுரம், ஆடுதுறை, விருத்தாசலம், ஆனாங்கூர், திருவாரூர் அரநெறி என்று பட்டியல் நீளும். திருக்கோடிக்காவல் கோயிலைக் கல்லாக்கும்போது, வளாகத்தில் கிடந்த பழைய கற்களின் எழுத்தைப் புதுச் சுவர்களில் திரும்ப எழுத வைத்தார். அப்படி எழுதியவற்றின் தலைப்பில் ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்று குறிப்பும் உண்டு. அசலின் நகல் இது, புதிதாகப் போட்ட சாசனம் அல்ல என்று கல்லிலேயே ஒப்புக்கொள்ளும் நேர்மை அது. படியெடுத்து முடிந்ததும் பழைய கற்கள் இனி உதவா என்று ஒதுக்கப்பட்டன.

பழையதை ஒதுக்கிய இந்தச் செய்தியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அப்பரும் சம்பந்தரும் பாடியபோது நின்ற செங்கற் கோயில்கள் இன்று ஏறக்குறைய ஒன்றுகூட நமக்கு மிஞ்சவில்லை. அவற்றை அழித்தது படையெடுப்போ பூகம்பமோ அல்ல, பெரும்பாலும் பக்திதான். இன்றைய பாதுகாப்பு விதிகளின்படி மதிப்பெண் போட்டால் செம்பியன் மாதேவியார் தேறமாட்டார். ஏழாம் நூற்றாண்டுக் கட்டடத்தை இடித்துத் தள்ளிய குற்றத்துக்கு அவர்மீது வழக்கே தொடுக்கலாம். ஆனாலும் கோனேரிராஜபுரத்தின் தெற்குச் சுவரில் கணவர் கண்டராதித்தர் லிங்கத்தை வணங்கும் சிற்பத்தைச் செதுக்க வைத்து, அது யார், எதற்கு என்று கீழே எழுதியும் வைத்தார். கோயிலைக் கட்டிய ஆலத்தூர்க்காரன் சாத்தன் குணபட்டனின் பெயரும் அங்கே இருக்கிறது. தமிழகத்தில் எத்தனை ஆயிரம் கோயில்களுக்குக் கட்டியவன் பெயர் தெரியும் என்று எண்ணிப் பார்த்தால் அதன் அருமை புரியும்.

ஆக, பழையதை அப்படியே காப்பது நம் மரபு என்று சொல்வது சரித்திரத்துக்குப் பொருந்தாது. புதுப்பிப்பதுதான் மரபு. ஆனால் அந்தப் புதுப்பித்தலுக்கு ஒரு முறை இருந்தது.

அந்த முறையின் வயது தேவாரத்திலேயே தெரிகிறது. பேரளம் அருகே திருமீயச்சூரில் அப்பர் பாடியது ‘இளங்கோயில்’ என்ற சன்னதியை. பெரிய கோயிலில் திருப்பணி நடக்கும்போது மூர்த்தியின் சக்தியைச் சிறிய தற்காலிகக் கோயிலில் நிறுத்திவைக்கும் ஏற்பாட்டுக்குத்தான் அந்தப் பெயர். பிறகு இது பாலாலயம் என்று வழங்கலாயிற்று. ஏழாம் நூற்றாண்டிலேயே பழுதுபார்ப்பதற்கென்று தனிக் கட்டடம், தனிச் சடங்கு எல்லாம் நிலைபெற்றிருந்தன என்பதற்கு அந்த ஒரு பெயரே சாட்சி. ஆகமங்கள் இதை ஜீர்ணோத்தாரணம் என்கின்றன. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற வழக்கமும் இதோடு ஒட்டியதே.

பன்னிரண்டு ஆண்டு என்பதற்குப் பொருள்சார்ந்த காரணமும் உண்டு. மூலவரைப் பீடத்தோடு பிணைப்பது அஷ்டபந்தனம் என்ற மருந்து. கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, காவிக்கல், சுக்கான்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், எருமை வெண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்து, இளகும்வரை மணிக்கணக்கில் இடித்துத் திரட்டுவார்கள். சாத்தியபின் அது கல்லாக இறுகும். ஆனால் அபிஷேகத் தண்ணீரும் எண்ணெயும் பாலும் ஆண்டுக்கணக்கில் படப்படக் காய்ந்து வெடிக்கும். மருந்து போனால் பீடத்துக்குள் நீர் இறங்கும். மருந்து சாத்த ஸ்தபதி வந்தால் மேல்தளத்தையும் ஏறிப் பார்ப்பார், கோபுரத்தில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்குவார், ஒழுகும் இடத்துக்குச் சாந்து பூசுவார். கட்டடப் பொறியாளர்கள் இன்று ‘காலமுறை ஆய்வு’ என்று கோப்பில் எழுதுவதை, தெய்வத்தின் பெயரால் கட்டாயமாக்கிய ஏற்பாடு இது. ஊர் ஏமாற்றவும் முடியாது. குடமுழுக்கு தள்ளிப்போனால் ஊருக்கு ஆகாது என்ற பயம் ஒன்று போதும்.

இந்தத் திருப்பணிகளின் உயிர் சுண்ணாம்பு. தமிழகக் கோபுரங்களில் முதல் நிலை கருங்கல். அதற்கு மேல் ஐந்து நிலையோ ஒன்பது நிலையோ, செங்கல்லும் சுண்ணாம்பும்தான். கோபுரத்துப் பொம்மைகள் சுதை, அதுவும் சுண்ணாம்பே. கல் மண்டபத்தின் தலைக்கு மேலும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளவரிசை உண்டு. கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கல். மழையைத் தாங்குவதோ மேலே இருக்கும் சுண்ணாம்பு.

சுக்கான்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டு எடுத்த சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் அது கொதித்துப் பொரிந்து மாவாகும். அந்த நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கடியில் குழியில் வாரக்கணக்கில் ஊறவிடுவார்கள். எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு வழவழப்பு. பிறகு மணல் சேர்த்து, வட்டப் பள்ளத்தில் மாடு இழுக்கும் கல்லுருளையால் அரைப்பார்கள். இன்னொரு பக்கம் கடுக்காயை நொறுக்கி, வெல்லமோ கருப்பட்டியோ கூட்டி, தண்ணீரில் சில நாள் புளிக்க வைப்பார்கள். அந்தத் தொட்டியின் பக்கம் போனவர்களுக்கு அந்த நெடி மறக்காது. புளித்த நீரை வடிகட்டிச் சாந்தில் சேர்த்தால், தண்ணீர் குறைவாக இருந்தாலும் சாந்து குழைந்து கொடுக்கும், வெடிப்பும் குறையும். சர்க்கரையும் துவர்ப்புச் சத்தும் சுண்ணாம்போடு வினைபுரிவதைச் சோதனைச்சாலைகள் இப்போது அளந்து சொல்கின்றன. கொத்தனார்கள் விரலில் தேய்த்தே அறிந்திருந்தார்கள்.

சுண்ணாம்புச் சாந்து காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாக மாறுகிறது. மேற்பரப்பில் தொடங்கி உள்ளே போகும் இந்த மாற்றம் தடித்த சுவரில் ஆண்டுகள் எடுக்கும். அதனால் சுவர் கொஞ்சம் அசைந்தாலும் சாந்து இணங்கிப் போகும். உள்ளே இறங்கிய ஈரம் சாந்தின் வழியாகவே வெளியேறும். சிமென்ட் இதற்கு நேர் எதிர். ஒரே நாளில் இறுகும், செங்கல்லைவிடக் கடினமாகும், ஈரத்தை வெளியே விடாது. பழைய செங்கற் சுவருக்குச் சிமென்ட் பூசினால் பூச்சு பளபளவென்று நிற்கும், உள்ளே செங்கல் ஊறி உப்புப் பூத்து மாவாகும். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துப் பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழும்போது, பிடித்திருந்த செங்கல்லையும் கூட்டிக்கொண்டுதான் விழும்.

பழுதுபார்த்தவர்கள் அறியாமலே காப்பாற்றிய சங்கதியும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய இருட்டுச் சுற்றுப்பாதையில் நாயக்கர் கால ஓவியர்கள் பழைய சோழ ஓவியங்களின்மேலேயே புதுப் பூச்சு பூசி, தங்கள் காலத்துப் படங்களை வரைந்தார்கள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி அங்கே விளக்கோடு நுழைந்தபோது, நாயக்கர் பூச்சு உதிர்ந்த இடத்தில் கீழிருந்து சோழர் வண்ணம் எட்டிப் பார்த்தது. அதே 1931இல் காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சிறு சன்னதிகளில் பூச்சுக்கு அடியிலிருந்து பல்லவர் ஓவியத் துண்டுகளைப் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் கண்டெடுத்தார். மேலே பூசியவர்கள் மறைக்க நினைத்தார்களே தவிர, சுரண்டி எடுக்கவில்லை. அந்தச் சோம்பலுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

அவற்றை எப்படி வரைந்தார்கள் என்று ஆராய்ந்தவர் வேதியியலாளர் எஸ். பரமசிவன். சென்னை அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கிய வேதியியல் பாதுகாப்புக்கூடத்தின் முதல் ஆள் அவர். தஞ்சையின் பூச்சுத் துணுக்குகளைச் சோதித்து, ஈரச் சுண்ணாம்பின்மேல் வண்ணம் தீட்டும் முறையில் அவை வரையப்பட்டன என்றார். ஈரம் உலர்வதற்குள் கை முடிய வேண்டிய வேலை. அந்த இருட்டில் அவ்வளவு உயரச் சுவரில் அதை முடித்தவர்களின் பெயர் மட்டும் எங்கும் எழுதப்படவில்லை.

பிறகு தொல்லியல் துறைக்கு வந்தது ஒரு தர்மசங்கடம். சோழ ஓவியத்தைக் காண வேண்டுமானால் நாயக்கர் ஓவியத்தை அழிக்க வேண்டும். நாயக்கர் ஓவியமும் முந்நூறு, நானூறு ஆண்டுப் பழமைதானே. துறையின் வேதியியலாளர்கள் மேல்பூச்சை ஓவியத்தோடு சேர்த்துத் தனியாக உரித்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகையில் ஒட்டும் முறையை உருவாக்கினார்கள். மேலே இருந்ததும் பிழைத்தது, கீழே இருந்ததும் வெளிச்சத்துக்கு வந்தது. பாதுகாப்புக் கலையில் தமிழ்நாட்டில் நடந்த ஆக நுட்பமான வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த நுட்பத்துக்கெல்லாம் இடமில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு நடந்தது அதற்கு உதாரணம். 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, ராஜேந்திரன் எழுப்பிய கோயிலின் பெரிய மதிற்சுவரைப் பெயர்த்துக் கற்களை அணைக்கரைக்கு வண்டி வண்டியாகக் கொண்டுபோனார்கள். ஊரார் எதிர்த்தும் பயனில்லை. அணையைக் கட்டியவர் ஆர்தர் காட்டன். ஆழம் காணாத ஆற்று மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணையைப் பார்த்தே கற்றோம் என்று பிற்காலத்தில் மனம்விட்டு எழுதியவரும் அவரே. பழையவர்களின் பொறியியலைப் போற்றிய அதே காலத்தில், பழையவர்களின் மதிலை வெறும் கற்குவியலாகப் பார்த்தது அந்த நிர்வாகம். கீழணை இன்றும் பாசனத்துக்குத் தண்ணீர் தருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நியாயமாகாது.

அதே ஆட்சி மதுரையில் வேறு முகத்தைக் காட்டியது. திருமலை நாயக்கர் மகால் கேட்பாரற்றுக் கிடந்தது. சொக்கநாத நாயக்கர் காலத்திலேயே அதன் பகுதிகளைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு எஞ்சியதைப் பழுதுபார்க்க உத்தரவிட்டார். இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் அந்தத் தூண்களும் வளைவுகளும் அதனால் நிற்கின்றன. வழவழவென்ற அந்தத் தூண்களும் உள்ளே கல்லாகவோ செங்கல்லாகவோ இருக்கலாம், மேலே கை படும் இடமெல்லாம் சுண்ணாம்பின் மெருகு.

நூற்றாண்டின் பிற்பாதியில் கோயில்களுக்குப் பெரும் பணம் வந்தது. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டித் தொழில் செய்து பொருளீட்டிய நாட்டுக்கோட்டை நகரத்தார் அந்தப் பணத்தைப் பாடல்பெற்ற தலங்களின் திருப்பணியில் கொட்டினார்கள். அரசர்கள் போய், ஜமீன்கள் தளர்ந்து, ஆங்கில ஆட்சி கோயிலிலிருந்து கை கழுவிய காலம். நகரத்தார் இல்லையென்றால் எத்தனையோ கோயில்களில் இன்று வௌவால் மட்டுமே இருக்கும். பல இடங்களில் சோழர், பாண்டியர் காலக் கட்டடத்தை அடியோடு பிரித்துவிட்டு, அழகாக இழைத்த புதுக் கருங்கல்லில் கட்டினார்கள். நகரத்தார் திருப்பணி என்றால் பார்த்த உடனே தெரியும். மூட்டு தெரியாத கல், நேர்க்கோடு, கண்ணாடி போன்ற மெருகு.

செம்பியன் மாதேவியாரும் அதைத்தானே செய்தார் என்று கேட்கலாம். வேறுபாடு ஓலைக்கட்டில் இருக்கிறது. நகரத்தார் காலத்தில் பழைய சுவரின் எழுத்துக்குச் சட்டப் பயன் எதுவும் இல்லை. நிலங்கள் கை மாறிவிட்டன, பத்திரங்கள் பதிவாளர் அலுவலகத்தில் இருக்கின்றன, சோழர் எழுத்தைப் படிக்கவும் ஊரில் ஆளில்லை. அதனால் யாரும் படியெடுக்கவில்லை. எழுத்துள்ள கல் படிக்கட்டாயிற்று, வாய்க்கால் மூடியாயிற்று, தலைகீழாக வைத்துக் கட்டிய சுவராயிற்று. 1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக வந்த ஹுல்ட்ஷும், அவருக்குப் பின் வெங்கையாவும் கிருஷ்ண சாஸ்திரியும் ஊர் ஊராகப் போய் மைப்படி எடுத்த வேகத்துக்கு இந்தப் பயமும் ஒரு காரணம். திருப்பணி தொடங்குவதற்குள் போய்ச் சேர வேண்டும். நாம் இன்று படிக்கும் சோழர் வரலாற்றில் கணிசமான பங்கு அந்த ஓட்டத்தில் கிடைத்தது. திருமழபாடியில் அரசன் செய்வித்த வேலையை, தொள்ளாயிரம் ஆண்டு கழித்துக் காகிதத்தோடும் மையோடும் ஒரு சிறு அலுவலகம் தலைமேல் போட்டுக்கொண்டது.

1904இல் கர்சன் பிரபு காலத்தில் பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1923இல் ஜான் மார்ஷல் எழுதிய பாதுகாப்புக் கையேடு, இருப்பதை இருக்கும் நிலையிலேயே நிறுத்து, ஊகித்துப் புதிதாகக் கட்டாதே என்ற கொள்கையைத் தொல்லியல் துறைக்குள் ஊன்றியது. இதில் வேடிக்கையான உடன்நிகழ்வு ஒன்று. அதே 1904இல்தான் இந்தியாவில் சிமென்ட் தயாரிக்கும் முதல் முயற்சியும் நடந்தது, அதுவும் சென்னையில், கிளிஞ்சலை மூலப்பொருளாக வைத்து. அந்த ஆலை நிலைக்கவில்லை. ஆனால் கொத்தனாரின் கரண்டிக்கு வர வேண்டிய பொருள் எப்படியும் வந்து சேர்ந்துவிட்டது.

விடுதலைக்குப் பின் தமிழகக் கோயில்கள் இரண்டு பாதையில் பிரிந்தன. நானூற்றுச் சொச்சம் சின்னங்கள் மத்தியத் தொல்லியல் துறையின்கீழ் மார்ஷல் வழியில் போயின. பல்லாயிரம் கோயில்கள் அறநிலையத் துறையின்கீழ் குடமுழுக்கு வழியில் போயின. முதல் வகைக்கு மாமல்லபுரக் கடற்கரைக் கோயில் ஒரு மாதிரி. அலை மோதாமலிருக்கக் கருங்கல் தடுப்பு, உப்புக்காற்றைத் தடுக்கச் சவுக்குத் தோப்பு, கல்லில் ஏறிய உப்பை இழுக்கக் காகிதக்கூழ்ப் பற்று. ஈரக்கூழைக் கல்லின்மேல் அப்பிக் காயவிட்டு உரித்தால் உப்பு கூழோடு வந்துவிடும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையிலும் கோயில் நின்றது.

இரண்டாவது வகையில் பூசை உண்டு, கூட்டம் உண்டு, உபயதாரர் உண்டு. உபயதாரர் கொடுத்த பணம் கண்ணில் தெரிய வேண்டும். ஒழுகும் தளவரிசையைச் சரிசெய்தால் யாருக்கும் தெரியாது. தரைக்குப் பளிங்கு போட்டால் பெயரும் போட்டுக்கொள்ளலாம். இப்படிப் பழைய தரையின்மேல் சிமென்ட், அதன்மேல் கடப்பைக்கல், அதன்மேல் டைல்ஸ் என்று ஏற்றி ஏற்றிக் கோயில் முற்றங்கள் உயர்ந்தன. அடிப்பீடமான அதிட்டானத்தின் ஜகதிப் படையும் அதிலிருந்த எழுத்தும் மண்ணுக்குள் போயின. மழைத்தண்ணீர் குளத்துக்குப் போன வழி அடைபட்டுக் கருவறைப் பக்கம் திரும்பியது. சுதைப் பொம்மைகள் எனாமல் பெயின்டில் நிறம் மாறின.

இதற்கெல்லாம் மேலே மணல்வீச்சு. நூற்றாண்டுகளாகத் தூண்களில் ஏறிய வெள்ளையும் எண்ணெய்ப் பிசுக்கும் புகைக்கரியும் கைவேலையாக எடுத்தால் மாதக்கணக்கில் ஆகும். அழுத்தக் காற்றில் மணலை வீசியடித்தால் இரண்டு நாளில் தூண் புதுசு போலப் பளிச்சென்று வரும். அழுக்கோடு கல்லின் தோலும் போகும். உளித்தடம் மழுங்கும், சிற்பத்தின் மூக்கு நுனி கரையும், ஆயிரம் ஆண்டு நின்ற எழுத்தின் ஓரம் வாய்பிளக்கும். சொரசொரத்த புதுப்பரப்பில் அழுக்கு முன்னைவிட வேகமாக ஏறும் என்பது கூடுதல் பரிசு. பின்னர் இதற்குத் தடை வந்தது. தடைக்குப் பிறகும் அங்கங்கே நடந்ததாகப் புகார்கள் நிற்கவில்லை.

விபத்துகளும் பாடம் நடத்தின. 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த குடமுழுக்கு 2020 பிப்ரவரியில்தான் நடந்தது. 2010 மே 26 அன்று கிருஷ்ணதேவராயர் 1516இல் கட்டிய காளத்தி ராஜகோபுரம் சரிந்தது. விரிசலை முன்பே பார்த்து ஆட்களை விலக்கியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. 2018 பிப்ரவரி 2 இரவு மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகளில் பிடித்த தீ கருங்கல்லையே பிளந்தது. கருங்கல்லுக்குள் இருக்கும் படிகக்கல் கடும் சூட்டில் சட்டென்று விரியும், அதனால் கல் பாளம் பாளமாக வெடிக்கும். அவ்வளவு நீளத் தூண்களுக்கு ஏற்ற, பிளவில்லாத கல்லைத் தேடி ராசிபுரம் பக்கத்துப் பட்டணம் வரை போக வேண்டியிருந்தது. ஓர் இரவில் எரிந்த மண்டபத்தை எடுத்து நிறுத்தும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2009இல் குடமுழுக்குக் கண்ட மதுரைக்குப் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கும் தவறியது.

திருப்பணி என்ற பெயரில் நடக்கும் சேதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. யுனெஸ்கோ வல்லுநர்கள் வந்து கோயில்களைப் பார்த்து 2017இல் அறிக்கை தந்தார்கள். பணிகளை நடத்துமிடத்தில் தேர்ச்சி பெற்ற பாதுகாப்பு வல்லுநர் இல்லை என்பதை அது மறைக்காமல் சொன்னது. 2021 ஜூன் 7 அன்று நீதிமன்றம் 75 கட்டளைகள் அடங்கிய தீர்ப்பை வழங்கியது. இப்போது பழமையான கோயிலில் கை வைக்க வேண்டுமானால் மண்டல அளவிலும் மாநில அளவிலும் வல்லுநர் குழுக்கள் ஒப்புதல் தர வேண்டும்.

நல்ல வேலைகளும் நடக்காமல் இல்லை. ஸ்ரீரங்கத்தில் பிற்காலத்துக் காங்கிரீட் இடைச்செருகல்களை அகற்றி, அடைபட்டுக் கிடந்த மழைநீர் வழிகளைத் திறந்து செய்த திருப்பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. 2024இல் கும்பகோணம் அருகே துக்காச்சி ஆபத்சகாயேசுவரர் கோயிலுக்கு அதே விருதின் உயர்ந்த பிரிவொன்று வந்தது. பாதுகாப்புக் கட்டடக்கலைஞரும் ஸ்தபதியும் கொத்தனாரும் சிவாச்சாரியாரும் ஒரே பணியில் சேர்ந்து நின்றதே அங்கே நடந்த புதுமை. சென்னையில் பொதுப்பணித் துறை, 2012இல் தீயில் கருகிய சேப்பாக்கம் கலச மகாலைச் சுண்ணாம்பும் மெட்ராஸ் டெரஸ் கூரையுமாக எழுப்பி 2017இல் முடித்தது. கடுக்காய்த் தொட்டிகள் மறுபடி அரசு ஒப்பந்தப் பட்டியலில் ஏறின. விட்டுப்போன வேலையைத் திரும்பக் கற்பிக்க வயதான கொத்தனார்களைத் தேட வேண்டியிருந்தது.

ஆனாலும் சுண்ணாம்புக்கு ஓர் எதிரி பாக்கி. அது குடமுழுக்குத் தேதி. முகூர்த்தம் குறித்தாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று, ஹெலிகாப்டரில் பூத்தூவ ஏற்பாடும் ஆயிற்று என்றால் ஒப்பந்தக்காரர் என்ன செய்வார்? சுண்ணாம்பை நீற்றி ஊறவைக்க வாரங்கள், கடுக்காய் நீருக்குச் சில நாள், ஒவ்வொரு பூச்சும் இறுக இடைவெளி, அதற்குள் வெயில் அடித்தால் ஈரச்சாக்கு போர்த்த ஆள். ஐப்பசி மழைக்கு முன் தளவரிசை முடியாவிட்டால் அடுத்த தை வரை காத்திருக்க வேண்டும். தேதியோ ஆவணியில் இருக்கும். மேல்பூச்சுக்கு மட்டும் சுண்ணாம்பு போட்டுவிட்டு, அடியில் யாரும் பார்க்காத இடத்தில் இரண்டு மூட்டை சிமென்டைக் கலக்கும் கை அங்கேதான் நீளுகிறது. சில திருப்பணிகளில் இப்போது சாந்தின் மாதிரியை எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். முடிவு வருவதற்குள் சாரம் பிரித்துவிடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். பஞ்சாங்கம் பார்ப்பவரை அழைப்பதற்கு முன் கொத்தனாரிடம் தேதி கேட்டால் மீதிப் பாதியும் தீரும்.